அச்சாகாத எழுத்தின் கதை

கணிப்பொறியைக் கட்டளைகளால் மட்டுமே இயக்குகின்றவர்களின் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் படங்கள் இரா, பொத்தான்கள் இரா. கறுப்புப் பின்னணியில் வரிவரியாக எழுத்துகள் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவ்வெழுத்துகள் யாவும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. பிழை நேர்ந்தால் சிவப்பு, வேலை ஒழுங்காக முடிந்தால் பச்சை, எச்சரிக்கையானால் மஞ்சள் என்று பல நிறங்கள் அங்கே கலந்து வருகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கணிப்பொறியிலிருந்து திரைக்குச் செல்வன எண்களே. ஆங்கில 'ஏ' என்னும் பெரிய எழுத்துக்கு 65, 'பி'க்கு 66 என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அப்படியானால் சிவப்புக்கு எந்த எண்? சிவப்பு 'ஏ'க்கு ஓர் எண்ணும், பச்சை 'ஏ'க்கு வேறோர் எண்ணும் இருக்கின்றனவா? அல்லது நிறத்துக்கென்று தனிக் கம்பி ஏதேனும் செல்கிறதா?

இரண்டும் இல்லை. எழுத்துகள் செல்லும் அதே வழியில், அதே வரிசையில், நிறமும் ஒரு செய்தியாகவே செல்கிறது. அச்செய்தியைத் தொடங்கிவைப்பது ஒரு விந்தையான எழுத்து. அது எக்காலத்தும் அச்சாவதில்லை. அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முந்தைய தந்திக் கம்பிக்கு வந்து சேர்வோம்.

சொல்வதெழுதுதல்

பள்ளியில் சொல்வதெழுதுதல் நடக்கிறது. ஆசிரியர் பாடத்தைப் படித்துக்கொண்டே வந்து, "முற்றுப்புள்ளி" என்கிறார். நீங்கள் அச்சொல்லை எழுதுவதில்லை. ஒரு புள்ளி வைக்கிறீர்கள். "அடுத்த பத்தி" என்றால் புதிய வரிக்குப் போகிறீர்கள். ஆசிரியரின் வாயிலிருந்து வருவன எல்லாம் சொற்களே. எனினும் சில சொற்கள் எழுதப்பட வேண்டியவை. சில சொற்கள் கீழ்ப்படிய வேண்டியவை. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே.

1874-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ ஒரு புதிய தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோர்ஸ் முறையில் ஓரெழுத்துக்குக் குறைந்த நேரமும் மற்றோர் எழுத்துக்கு மிகுந்த நேரமும் பிடிக்கும். போதோவோ ஒவ்வோர் எழுத்துக்கும் சம அளவுள்ள 5 குறிப்புகளை ஒதுக்கினார். ஒவ்வொரு குறிப்பும் 'உண்டு' அல்லது 'இல்லை' என இரண்டில் ஒன்றாக இருக்கும். ஆகவே 2×2×2×2×2 = 32 சேர்க்கைகள் கிடைத்தன.

32 போதுமா? ஆங்கில எழுத்துகளுக்கே 26 போய்விடும். 10 எண்களையும் நிறுத்தக் குறிகளையும் எங்கே வைப்பது? இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு சேர்க்கைகளைத் தனியே எடுத்து, ஒன்றுக்கு 'இனி வருவன எண்கள்' என்றும், மற்றொன்றுக்கு 'இனி வருவன எழுத்துகள்' என்றும் பொருள் கொடுத்தார்கள். இவ்விரண்டும் காகிதத்தில் எதையும் பதிப்பதில்லை. பின்னால் வருவனவற்றின் பொருளை மாற்றுவதே அவற்றின் வேலை.

1901-இல் நியூசிலாந்தில் பிறந்த டொனால்டு மர்ரே இம்முறையைத் தட்டச்சு விசைப்பலகைக்கு ஏற்பத் திருத்தினார். அச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒரு குறியும், காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள மற்றொரு குறியும் அவர் சேர்த்தார். இவ்வழியில் வளர்ந்த டெலிபிரிண்டர்கள் உலகெங்கும் செய்தி நிறுவனங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் இடம்பெற்றன. இந்தியாவில் அவற்றைச் செய்வதற்காகவே 1960-இல் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் சென்னைக் கிண்டியில் தொடங்கப்பட்டது.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. வழியில் ஏற்பட்ட இடையூற்றால் 'இனி வருவன எழுத்துகள்' என்ற குறி மட்டும் சிதைந்துவிட்டால், அடுத்து வரும் சொற்களெல்லாம் எண்களாகவும் குறிகளாகவும் அச்சாகிவிடும். ஆணை ஒன்று தவறினால் அதன் பின்னுள்ள அனைத்தும் தவறும். இக்குறை நிறங்களின் கதையிலும் மீண்டும் வரும்.

27-ஆம் எண்

1963-இல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டு முறை வெளியாயிற்று. இதில் ஓரெழுத்துக்கு 7 இருமக் குறிகள். ஆகவே 0 முதல் 127 வரை மொத்தம் 128 இடங்கள். அவற்றுள் 33 இடங்கள் அச்சாகாத கட்டுப்பாட்டுக் குறிகளுக்காக ஒதுக்கப்பட்டன. 7-ஆம் எண் வந்தால் கருவியில் மணி அடிக்கும். 10-ஆம் எண் வந்தால் காகிதம் ஒரு வரி நகரும். 13-ஆம் எண் வந்தால் அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்.

ஆனால் எதிர்காலத்தில் எத்தனை வகை ஆணைகள் தேவைப்படும் என்று அன்று யாரால் கூற முடியும்? 33 இடங்கள் என்றேனும் ஒருநாள் தீர்ந்துபோகுமே! ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பெமர் இதற்கு ஒரு வழியை முன்மொழிந்திருந்தார். ஒரே ஒரு குறியை ஒதுக்கி, 'அடுத்து வருவதை வழக்கமான பொருளில் கொள்ளாதே' என்று அதற்குப் பொருள் கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் எந்த எழுத்தையும் ஆணையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வழக்கத்திலிருந்து தப்பிச் செல்லும் வழி என்ற பொருளில் அதற்கு 'எஸ்கேப்' என்று பெயர். ஆஸ்கியில் அதற்குக் கிடைத்த இடம் 27. உங்கள் விசைப்பலகையின் இடப்பக்க மேல் மூலையில் இருக்கும் 'எஸ்கேப்' விசை இதன் நினைவாகவே இன்றும் இருந்து வருகிறது.

ஆளுக்கொரு மொழி

1963-இல் வந்த 'டெலிடைப் 33' என்ற கருவி ஆஸ்கி முறையைப் பின்பற்றியது. நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதச் சுருளில் அடித்துத் தரும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 'யூனிக்ஸ்' இயக்க முறைமையைத் தொடங்கியபோது, இத்தகைய கருவிகளின் வழியாகவே கணிப்பொறியுடன் பேசினார்கள். இன்றும் யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் முனையத்துக்கு 'டி.டி.ஒய்' என்று பெயர்; டெலிடைப் என்பதன் சுருக்கமே அது.

1970-களில் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. திரையில் காகிதத்தால் செய்ய முடியாத பலவற்றைச் செய்யலாம். எழுத்தை அழிக்கலாம்; எந்த இடத்துக்கும் தாவலாம்; வேண்டிய சொல்லைப் பளிச்சென்று காட்டலாம். இவற்றுக்கெல்லாம் புதிய ஆணைகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஆணைகளை வகுத்துக்கொண்டது.

திரையைத் துடைத்துச் சுத்தமாக்கும் ஆணையையே எடுத்துக்கொள்வோம். லியர் சீக்லர் நிறுவனத்தின் 'ஏ.டி.எம். 3ஏ' முனையத்துக்கு 26 என்ற ஒரே எண் போதும். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் 'வி.டி. 52'க்கு 27, 72, 27, 74 என்று நான்கு எண்களை அனுப்ப வேண்டும். ஹேசல்டைன் 1500 என்ற முனையமோ எஸ்கேப் குறியை விட்டுவிட்டு, '~' என்ற அலைக்குறியால் ஆணையைத் தொடங்கியது. அலைக்குறி அச்சாகும் எழுத்துகளில் ஒன்று. சி மொழியில் நிரல் எழுதுவோருக்கு அது தேவையும்கூட. பாடத்திலேயே 'முற்றுப்புள்ளி' என்ற சொல் வந்தால் சொல்வதெழுதும் மாணவன் திகைப்பான் அல்லவா? அந்நிலைதான் இங்கும்.

இக்குழப்பத்துக்கு ஒரு மருந்தை 1978-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கினார். எந்த முனையத்துக்கு எந்த ஆணை என்று ஒரு பெரும் பட்டியல் எழுதி வைத்தார். 'டெர்ம்கேப்' என்பது அதன் பெயர். நிரல்கள் அப்பட்டியலைப் பார்த்து, தம் எதிரில் இருக்கும் முனையத்துக்கு ஏற்ற ஆணையை அனுப்பும். அலைக்குறியை அச்சிட முடியாத ஹேசல்டைன் முனையங்களுக்கென்று அதில் தனிக் குறிப்பே ஒன்று உண்டு. இது அகராதியை வைத்துக்கொண்டு பல மொழிக்காரர்களுடன் பேசுவது போன்றது. பயனுள்ளதுதான், ஆனால் எல்லோரும் ஒரே மொழி பேசினால் எவ்வளவு எளிது!

ஒரு பொது இலக்கணம்

அம்முயற்சியும் அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜெனிவாவிலிருந்த ஐரோப்பியக் கணிப்பொறி உற்பத்தியாளர் சங்கம் 1976-இல் 'எக்மா-48' என்னும் தரத்தை வெளியிட்டது. 1979-இல் அமெரிக்கத் தரநிறுவனமான 'ஆன்சி' இதையொட்டிய தரம் ஒன்றை வெளியிட்டது. 1983-இல் பன்னாட்டுத் தரமாகவும் அது அமைந்தது. இதனால்தான் இவ்வாணைகளை இன்றும் 'ஆன்சி குறிகள்' என்று பலர் அழைக்கின்றனர்.

இதன் அமைப்பு எளியது. முதலில் 27, அதாவது எஸ்கேப். அடுத்து 91, அதாவது '[' என்ற பகர அடைப்பு. பிறகு வேண்டிய அளவுகள், எண்களாக. பல அளவுகள் இருந்தால் இடையே அரைப்புள்ளி. கடைசியில் ஓர் எழுத்து. எந்த வேலை என்பதை அதுவே சொல்லும். எழுத்தின் தோற்றத்தை மாற்றும் வேலைக்கு ஆங்கிலச் சிறிய 'எம்' என்னும் எழுத்து. அதன் எண் 109.

ஆகவே சிவப்புக்குரிய ஆணை 27, 91, 51, 49, 109 என்று ஐந்து எண்களாகச் செல்கிறது. இவற்றுள் 51 என்பது '3' என்ற எழுத்து. 49 என்பது '1' என்ற எழுத்து. எஸ்கேப், பகர அடைப்பு, 31, எம், அவ்வளவுதான். இது வந்த பிறகு வரும் எழுத்துகளெல்லாம் சிவப்பு. பழைய நிலைக்குத் திரும்ப 27, 91, 48, 109 என்று அனுப்ப வேண்டும். 48 என்பது '0'. இதை அனுப்ப மறந்தால் சிவப்பு நீங்காது. தந்தியில் 'இனி எழுத்துகள்' என்ற குறி தொலைந்தபோது நேர்ந்தது போலவே, அடுத்தவரின் எழுத்தும் சேர்ந்து சிவக்கும்.

இந்த இலக்கணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அளவுகளைக் குறிக்கும் எழுத்துகள் 48 முதல் 63 வரையுள்ள எண்களிலிருந்தே வர வேண்டும். முடிக்கும் எழுத்து 64 முதல் 126 வரை இருக்க வேண்டும். இதனால் என்ன நன்மை? தனக்குத் தெரியாத ஓர் ஆணை வந்தாலும், அது எங்கே முடிகிறது என்பது முனையத்துக்குத் தெரியும். பொருள் புரியாவிட்டாலும் அதைத் தாண்டிச் சென்று, அடுத்த எழுத்தைச் சரியாக அச்சிடலாம். அன்று வகுத்த இலக்கணம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1978-இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம், உருவாகிவந்த இத்தரத்தைத் தழுவி 'வி.டி. 100' என்ற முனையத்தை வெளியிட்டது. அது பெருவெற்றி பெறவே, மற்ற நிறுவனங்களும் அதன் மொழியைப் பேசத் தொடங்கின. வி.டி. 100-இன் திரையில் நிறமே கிடையாது என்பது வேடிக்கை. கூடுதல் பலகையைப் பொருத்தினால் தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், ஒளிமாற்றம் ஆகியவற்றைக் காட்டும். நிறம் காட்டாத ஒரு கருவிதான் நிறத்தின் மொழியை உலகுக்குப் பரப்பியது!

ஏன் எட்டு நிறங்கள்?

இத்தரத்தில் எழுத்தின் நிறங்களுக்கு 30 முதல் 37 வரையும், பின்னணி நிறங்களுக்கு 40 முதல் 47 வரையும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 30 கறுப்பு, 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 34 நீலம், 35 கருஞ்சிவப்பு, 36 வெளிர்நீலம், 37 வெள்ளை. இந்த வரிசை ஏதோ மனம்போன போக்கில் அமைந்ததன்று. சிறிது கணக்குப் போட்டால் உங்களுக்கே விளங்கும்.

வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றையும் எரிய விடலாம் அல்லது அணைக்கலாம் என்றால் 2×2×2 = 8 நிறங்கள். சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4 என்று மதிப்புக் கொடுங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்; 1+2 = 3. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கருஞ்சிவப்பு; 1+4 = 5. பச்சையும் நீலமும் சேர்ந்தால் வெளிர்நீலம்; 2+4 = 6. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை, 7. ஒன்றும் எரியாவிட்டால் கறுப்பு, 0. நிறத்தின் எண்ணிலேயே அதைச் செய்யும் முறையும் அடங்கியிருக்கிறது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் வண்ண அட்டை இவ்வரிசையைத் திருப்பிப் போட்டது. அங்கே நீலம் 1, பச்சை 2, சிவப்பு 4. ஆகவே மஞ்சளின் எண் 6 ஆயிற்று. மங்கலான மஞ்சள் கண்ணுக்கு அழகாக இல்லாததால், ஐ.பி.எம். வண்ணத் திரை அந்த எண்ணுக்கு மட்டும் பச்சையின் அளவைக் குறைத்துப் பழுப்பாகக் காட்டியது. 1983-இல் வந்த டாஸ் 2.0-இல் 'ஆன்சி.சிஸ்' என்ற சிறு நிரல் சேர்க்கப்பட்டது. ஆன்சி ஆணைகளை அக்கணிப்பொறிக்குரிய எண்களாக மாற்றித் தருவது அதன் வேலை. மஞ்சள் கேட்டவருக்குப் பழுப்பு கிடைத்த கதை இதுதான்.

ஷெல்லுக்கு நிறம் வந்தது

யூனிக்ஸில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பாஷ்' அதன் வழித்தோன்றல். கட்டளைகள் பலவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து மொத்தமாக நிறைவேற்றவும் செய்யலாம். அதுவே ஷெல் ஸ்கிரிப்ட்.

ஷெல் நம் கட்டளைக்குக் காத்திருக்கும்போது வரியின் தொடக்கத்தில் ஒரு குறியைக் காட்டும். அதைப் 'பிராம்ப்ட்' என்பர். சாதாரணப் பயனருக்கு அது '$' என்று முடியும். முறைமை முழுவதையும் மாற்றும் உரிமை பெற்ற தலைமைப் பயனருக்கு '#' என்று முடியும். சிறு வேறுபாடுதான், ஆனால் விளைவு பெரிது. தன் கணிப்பொறி என்று எண்ணி, ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்துவிட்டால் என்னாவது? ஆகவே தலைமைப் பயனரின் பிராம்ப்டைச் சிவப்பாக்கி வைப்பது பலரது வழக்கம். கண் வாசிக்கத் தவறினாலும் நிறத்தைக் கவனிக்கத் தவறாது என்பதே இதன் கருத்து.

பிராம்ப்டுக்கு நிறம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் தட்டும் கட்டளை நீண்டு, திரையின் விளிம்பைத் தொட்டால் அடுத்த வரிக்கு மடிய வேண்டும். எங்கே மடிப்பது என்று அறிய, பிராம்ப்டில் எத்தனை எழுத்துகள் என்று ஷெல் எண்ணிப் பார்க்கிறது. நிற ஆணையின் ஐந்து எழுத்துகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் கணக்குப் பிசகி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதனால்தான் பாஷில் நிற ஆணையின் முன்னும் பின்னும் '\[', '\]' என்ற அடையாளங்களைப் போட வேண்டும். 'இடையில் உள்ளவற்றை எண்ணாதே' என்று அதற்குப் பொருள்.

நீங்களே செய்து பார்க்கலாம். லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் 'பிரிண்ட்எஃப்' கட்டளையைத் தட்டி, ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் \033[31 என்று எழுதி, உடனே ஆங்கிலச் சிறிய எம் எழுத்தையும் ஏதேனும் ஒரு சொல்லையும் சேர்த்து, எண்டர் விசையை அழுத்துங்கள். சொல் சிவப்பாக வரும். இங்கே 033 என்பது எட்டடிமான எண்; 3×8+3 = 27. பழைய நிறத்துக்குத் திரும்ப 31-க்குப் பதில் 0 போட்டு மீண்டும் தட்டுங்கள்.

ஆணையும் செய்தியும் ஒரே வழியில்

இனி, இம்முறையின் மறுபக்கத்தைக் காண்போம். ஆணையும் செய்தியும் ஒரே வழியில் வருகின்றன என்றால், செய்தி அனுப்புகின்றவர் எவரும் ஆணையும் அனுப்பலாம் என்றுதானே பொருள்?

முதலில் சிறிய தொல்லை. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று 'பிழை' என்ற சொல்லைச் சிவப்பில் அச்சிடுகிறது என்க. அந்த வெளியீட்டைத் திரைக்கு அனுப்பாமல் ஒரு கோப்பில் சேமித்தால், கோப்பில் நிறம் இராது. ஆணையின் ஐந்து எழுத்துகளே அங்கே குப்பையாகக் கிடக்கும். 'பிழை' என்று தொடங்கும் வரிகளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. வரி தொடங்குவது எஸ்கேப் குறியில் அல்லவா? இதைத் தவிர்க்க, தன் வெளியீடு முனையத்துக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று நிரல் கேட்டறிய யூனிக்ஸில் வழி இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்' கட்டளையைத் தானியங்கு முறையில் வைத்தால், முனையமானால் மட்டும் அடைவுகளுக்கு நீலமும், இயங்கும் நிரல்களுக்குப் பச்சையும் பூசும். கோப்பானால் வெறும் எழுத்துகளையே அனுப்பும்.

பெரிய தொல்லை வேறு. மேலே சொன்ன ஆன்சி.சிஸ் நிரல் நிறத்தோடு நிற்கவில்லை. விசைகளின் பொருளை மாற்றும் ஆணையையும் அது ஏற்றுக்கொண்டது. ஒரு விசையை அழுத்தினால் ஒரு முழுக் கட்டளையே தட்டப்பட்டதுபோல் ஆகுமாறு செய்யலாம். இது ஒரு வசதியாகவே எண்ணப்பட்டது. ஆனால் குறும்புக்காரர்கள் இவ்வாணையைச் சாதாரண உரைக் கோப்புகளில் ஒளித்து வைத்தார்கள். கோப்பைத் திரையில் படித்தவர் ஒரு நிரலையும் இயக்கவில்லை, படித்தார், அவ்வளவே. பின்னர் ஏதோ ஒரு விசையைத் தொட்டதும் கோப்புகளை அழிக்கும் கட்டளை ஓடியது. இவற்றை 'ஆன்சி குண்டுகள்' என்று அழைத்தார்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2003-இல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அக்காலத்து முனைய நிரல்கள் பலவற்றில் இத்தகைய ஓட்டைகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். சாளரத்தின் தலைப்பை மாற்ற ஓர் ஆணை உண்டு. தலைப்பைத் திருப்பிச் சொல்லும்படி கேட்க மற்றோர் ஆணை உண்டு. திருப்பிச் சொல்லப்படும் தலைப்பு, பயனர் விசைப்பலகையில் தட்டியதுபோலவே ஷெல்லுக்குள் வந்து விழும். யாரோ ஒருவர் தொலைவிலிருந்து இவ்விரண்டையும் பதிவுக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால், அதைத் திறந்து பார்க்கும் நிர்வாகியின் பிராம்ப்டில் அவர் தட்டாத கட்டளை ஒன்று காத்திருக்கும். அறியாமல் எண்டரை அழுத்தினால் தீர்ந்தது. ஆகவேதான் பிறரிடமிருந்து வரும் எழுத்தை முனையத்துக்கு அனுப்பும் முன், அச்சாகாத குறிகளை நீக்கிவிட வேண்டும் என்பது நல்ல நிரலாளர்களின் விதியாயிற்று.

நிறம் தெரியாத கண்கள்

கம்பியின் இடர் இது என்றால், கண்ணின் இடர் மற்றொன்று. கறுப்புத் திரையில் அடர்நீல எழுத்து ஏன் படிக்கக் கடினமாக இருக்கிறது? நம் கண்ணுக்கு மூன்று ஒளிகளும் சம வெளிச்சமாகத் தெரிவதில்லை. இன்றைய வண்ணத் திரையின் வெள்ளையில் நாம் உணரும் வெளிச்சத்தை 100 என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. எண்ணில் நீலம் 4. கண்ணில் அது கடைசி.

ஆங்கில வேதியியலார் ஜான் டால்ட்டன் 1794-இல் மான்செஸ்டர் அறிவியல் மன்றத்தில் ஒரு கட்டுரை படித்தார். பிறருக்குச் சிவப்பாகத் தெரிவது தமக்கு அவ்வாறு தெரியவில்லை என்பதை அதில் விவரித்தார். அவர் விருப்பப்படி காத்து வைக்கப்பட்டிருந்த கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லாததை உறுதி செய்தனர். வட ஐரோப்பிய மரபினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் இத்தகைய குறை உண்டு. 'சரி' என்பதற்குப் பச்சைப் புள்ளியும், 'தவறு' என்பதற்குச் சிவப்புப் புள்ளியும் மட்டும் காட்டும் ஸ்கிரிப்ட் அவர்களுக்கு என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஆகவே நிறத்துடன் சொல்லும் இருக்க வேண்டும். நிறம் செய்திக்குத் துணையாகலாம். அதுவே செய்தியாகிவிடக் கூடாது.

நிறமே வேண்டாம் என்போருக்காக 2017-இல் ஒரு வழக்கம் முன்மொழியப்பட்டது. 'நோ கலர்' என்ற பெயரில் ஒரு சூழல் மாறியை அமைத்து வைத்தால், அதை மதிக்கும் நிரல்கள் நிறமின்றி அச்சிடும். பலவும் இன்று அதை மதிக்கின்றன.

எட்டிலிருந்து ஒன்றேமுக்கால் கோடி

1999-இல் 'எக்ஸ்டெர்ம்' என்ற முனைய நிரலுக்கு 256 நிறங்கள் கிடைத்தன. 16 அடிப்படை நிறங்கள்; ஒவ்வோர் ஒளிக்கும் 6 படிகள் வைத்து 6×6×6 = 216 நிறங்கள்; மேலும் 24 சாம்பல் நிறங்கள்; ஆகக் கூடி 256. பின்னர் ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் வைக்கும் முறையும் பரவியது. 256×256×256 என்றால் 1,67,77,216 நிறங்கள்! இவற்றுக்கான ஆணைகளும் 27, 91 என்றுதான் தொடங்குகின்றன. 109 என்றுதான் முடிகின்றன. நெடுங்காலம் வேறு வழியில் சென்ற விண்டோஸின் கட்டளைத் திரையும், விண்டோஸ் 10 வந்த பின் இம்மொழியை ஏற்றுக்கொண்டது.

கருவிகள் மறைந்தன. டெலிடைப் 33 இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வி.டி. 100-ஐத் தொட்டுப் பார்த்த மாணவர் அரியர். எஞ்சி நிற்பது அவற்றுக்கிடையே இருந்த உடன்பாடு மட்டுமே. திரையில் ஒரு சொல் சிவப்பாக ஒளிர்வதை அடுத்த முறை காணும்போது, அதன் முன்னே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஐந்து எண்களை எண்ணிப் பாருங்கள். எழுத வேண்டிய சொல் எது, கீழ்ப்படிய வேண்டிய சொல் எது என்று சொல்வதெழுதும் மாணவன் பிரித்தறிய வேண்டியிருப்பது போலவே, திரையும் ஒவ்வொரு கணமும் பிரித்தறிந்துகொண்டிருக்கிறது. நிரல் எழுதும் நீங்களும் அதை மறவாதீர்கள்.